சொன்னது சொன்னபடி

என் தொழிலில் எனக்கென்று ஒரு 'நான்' கிடையாது. ஒரு அம்மா பேசினால் அந்த அம்மாவின் 'நான்' என் வாயில் வரும். அதிகாரி பேசினால் அதிகாரியின் 'நான்' வரும். "அவர் சொல்கிறார்", "அவள் கேட்கிறாள்" என்றெல்லாம் இழுக்கக்கூடாது. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, விளக்கம் கொடுக்கக்கூடாது, யாரையும் பார்த்துத் தலையாட்டக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இதையெல்லாம் ஒரு தாளில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருஷமாக இந்த வெளிநாட்டு ஊரில் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மொழிபெயர்க்கப் போய்வருகிறேன். இந்த விதியை ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

அது போன வருஷம். ஒரு அப்பா தலைமை ஆசிரியைக்கு முன்னால் பதில் பேசாமல் நின்றார். "இவர் கோபத்தில் நிற்கவில்லை, மரியாதைக்காக நிற்கிறார்" என்று நானாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். மறுநாள் அலுவலகத்தில் கூப்பிட்டு, "உங்கள் கருத்தை யார் கேட்டார்கள்?" என்றார்கள். நாலு மாசம் வேலைக்குக் கூப்பிட்டு போன் வரவில்லை. அந்த நாலு மாசமும் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று. இந்த வருஷம் எங்களில் ஒருத்தரை நிரந்தர வேலைக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு. என் பெயரும் பட்டியலில் இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தக் குழந்தையின் கேஸ் வந்தது. ஆறு வயசுப் பெண். வகுப்பில் இருபத்திரண்டு பேர், தமிழ் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் ஒரு மாசம்தான் தரையில் இருப்பார். அம்மா ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் மடிக்கிற பிரிவில் இருந்தாள். வகுப்பு ஆசிரியை எழுதிக்கொடுத்த புகார் இதுதான்: குழந்தை வாய் திறப்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை, பெரியவர்கள் பக்கத்தில் வந்தாலே விறைத்துப்போகிறாள், வீட்டில் அடி விழுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

குழந்தைகள் நல அதிகாரி மூன்று புதன்கிழமைகள் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். குழந்தை தமிழில் ஏதாவது சொன்னால் நான் மொழிபெயர்க்க வேண்டும். நான்காவது புதன்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அடிக்கிறார்கள் என்று முடிவானால் அன்றைக்கே குழந்தையை வேறொரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதிகாரி இதை முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். மெதுவாகப் பேசுவார், கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துவார்.

ஆசிரியை அவரைவிட நல்லவள். சின்ன வயசு. குழந்தைகளோடு குழந்தையாகத் தரைவிரிப்பில் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவன் படுத்துக்கொண்டே பதில் சொன்னான், இன்னொருத்தி அவள் பேசும்போதே குறுக்கே புகுந்து, "நீ சொல்றது தப்பு" என்றாள். ஆசிரியைக்கு அதில் அப்படியொரு சந்தோஷம். நான் படித்த பள்ளிக்கூடமாக இருந்தால் குறுக்கே பேசிய அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குப் பூசை நடந்திருக்கும்.

எங்கள் தமிழ்ப் பெண்ணின் முறை வந்தது. பெயரைச் சொன்னதுமே விசுக்கென்று எழுந்தாள். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டினாள். தலையைக் குனிந்து ஆசிரியையின் காலைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வருஷம் நானும் இப்படித்தான் நின்றேன். இதைவிட அடக்கமாக ஒரு பிள்ளை நிற்க முடியாது. யாரோ வீட்டில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், டீச்சர் கூப்பிட்டால் இப்படி நிற்கணும் என்று.

அதிகாரி மடியில் வைத்திருந்த படிவத்தில் எழுதினார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. 'அழைத்தவுடன் திடுக்கிட்டு எழுகிறாள். கைகளால் உடலைக் காத்துக்கொள்கிறாள். கண்ணைப் பார்க்க மறுக்கிறாள்.' அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். ஒரு எழுத்துப் பொய் கிடையாது. நான் சுவரைப் பார்த்தேன்.

இரண்டாவது புதன்கிழமை ஓவிய வகுப்பு. எங்கள் பெண் ஒரு பூனை வரைந்திருந்தாள். உண்மையிலேயே நல்ல பூனை, மீசையெல்லாம் இருந்தது. ஆசிரியைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. காகிதத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரத் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் மலர, "இது என்ன?" என்று கேட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் ஒரு பெரியவர் ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பிடித்து "இது என்ன?" என்று கேட்டால், அது என்னவென்று தெரியாமல் கேட்பதில்லை. ஈரமாகிப்போன பாடப் புத்தகம், கூர் உடைந்த பென்சில், கட்டிலுக்கு அடியில் கிடந்த துண்டு என்று குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் அப்படிக் கேட்பார்கள். அதற்கு "துண்டு" என்று பதில் சொல்லும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். தெரிந்த விஷயத்தையே கேட்டு, பிள்ளை சொன்னதும் கை தட்டுகிற வழக்கம் இந்த ஊரில்தான் நான் பார்த்தது.

குழந்தை எழுந்து நின்றாள். வரையக்கூடாததை வரைந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள் போல. கை கட்டினாள். தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இனிமே செய்ய மாட்டேன் மிஸ்" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். "இனிமேல் செய்ய மாட்டேன், ஆசிரியை."

ஆசிரியையின் கையிலிருந்த காகிதம் இறங்கியது. அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு பூனையை வரைந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு இந்தக் குழந்தையை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தது அவள் முகத்திலேயே இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். குழந்தை அந்தக் கட்டிப்பிடிப்புக்குள் கைகட்டை அவிழ்க்காமல் கட்டை மாதிரி நின்றாள். டீச்சர் கட்டிப்பிடித்தால் என்ன செய்யணும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

வாய் திறக்க அப்போது இடம் இருந்தது. இரண்டு வரி போதும். அதைச் சொல்ல எனக்கு மொழி இருந்தது, சொன்னால் கேட்டுக்கொள்கிற மனுஷர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் செய்யவில்லை.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார்.

"ஆறு வயசுங்க."

"போன தடவையும் இப்படித்தான் ஒருத்தருக்குப் பரிஞ்சு பேசுன. நாலு மாசம் யாரு வந்து பாத்தா? அவரு வந்தாரா?"

அந்த அப்பா வரவில்லைதான். தெருவில் பார்த்தபோது அவருக்கு என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. அதை நினைத்ததும் நறுக்குகிற கையில் வேகம் கூடியது.

மூன்றாவது புதன்கிழமை அதிகாரி குழந்தையைத் தனியறையில் வைத்துப் பேசினார். பொம்மைகள், சின்ன நாற்காலி, மேஜைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி. வரவேற்கும்போதே டிஷ்யூவை வைத்துவிடுகிற அறைகள் எனக்குப் பிடிக்காது. அவர் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து குழந்தையின் உயரத்துக்கு வந்தார். பெரிய மனுஷர் ஒருத்தர் தனக்கு முன்னால் மண்டி போட்டதும் குழந்தை மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீ தப்புப் பண்ணா அம்மா என்ன பண்ணுவாங்க?" என்று அவர் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். வெளியாள் வீட்டு விஷயம் கேட்டால், பிள்ளை முதலில் தன் பக்கத்துப் பெரியவர் முகத்தைப் பார்க்கும். சொல்லலாமா கூடாதா என்று கண்ணால் கேட்கும். பெரியவர் லேசாகத் தலையசைத்தால் பிள்ளை கடகடவென்று பேச ஆரம்பித்துவிடும். அந்த அறையில் அவளுக்குப் பெரியவள் நான்தான். அம்மாவின் வயசு, அம்மாவின் பேச்சு.

நான் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டவணையைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மேல் அவர் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. 'தாயைப் பற்றிக் கேட்டதும் பயத்தோடு சுற்றிலும் பார்க்கிறாள். பேச மறுக்கிறாள்' என்று எழுதினார். வெளியே வந்ததும், "மற்றவர்கள் குழந்தையைப் பார்த்து ஜாடை காட்டிவிடுவார்கள். நீங்கள் துளிகூட அசையவில்லை. அலுவலகத்தில் சொல்கிறேன்" என்று என்னைப் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான்காவது புதன்கிழமை அம்மா வந்தாள். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். வேலைச் சட்டையை மாற்ற நேரமில்லாமல் மேலே ஒரு நல்ல ஸ்வெட்டரைப் போட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருந்தாள். நீராவியில் வெந்து வெந்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நடைபாதை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆன்ட்டி, நீங்க தமிழ்தானே?"

ஆன்ட்டி. அவளுக்கு என்னைவிட அஞ்சு வயசு குறைவாக இருந்தாலே அதிகம். அக்கா என்று கூப்பிட்டிருந்தால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? இதற்காகவா வாயை மூடிக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். இதற்காக இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"ஆமா" என்றேன்.

"அப்பாடா. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னே தெரியல ஆன்ட்டி. லெட்டர்ல என்னமோ எழுதியிருந்தாங்க, எம் பொண்ணுதான் படிச்சுக் காட்டினா. அத்தனையும் படிச்சிடுவா. பஸ்ல போனா போர்டு ஒண்ணு விடமாட்டா. எனக்கு இந்த ஊர் மொழி சொல்லிக்குடுக்கறதே அவதான், தப்பா சொன்னா தலையில குட்டுவா." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் வேலை முடிஞ்சு வந்து காலை நீட்டினா, வெந்நீர் வெச்சுத் தரட்டுமாம்மான்னு கேக்கும். ஸ்டூல் போட்டாக்கூட அடுப்பு எட்டாது அதுக்கு."

"உள்ள கூப்பிடுவாங்க" என்றேன்.

"நம்ம ஆளு நீங்க இருக்கீங்க, போதும். நான் ஏதாச்சும் முன்னபின்ன பேசிட்டா நீங்க பாத்து எடுத்துச் சொல்லிடுங்க."

"நான் பாத்து எல்லாம் சொல்ல மாட்டேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் சொல்லுவேன்."

அவள் அதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டாள். "அது போதும் ஆன்ட்டி" என்றாள்.

உள்ளே ஆசிரியை, அதிகாரி, நாங்கள் இரண்டு பேர். ஆசிரியை முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும் என்று இங்கே ஒரு முறை உண்டு. அழகான குழந்தை, கைவேலை சுத்தம், நன்றாக வரைகிறாள் என்று ஆரம்பித்தாள். தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. டீச்சர் வாயால் அப்படிக் கேட்ட பிறகு, சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் திமிர் பிடித்தவள் என்றாகிவிடும்.

"அய்ய, அவளா. நீங்க வேற. ஒண்ணும் தெரியாதுங்க அதுக்கு. சரியான மக்கு" என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். மக்கு என்பதற்கு இங்கே மூன்று நாலு சொல் இருக்கிறது. செல்லமாகச் சொல்கிற சொல்லும் இருக்கிறது. சரியான சொல்லைத்தான் எடுத்தேன் என்று அகராதியைக் காட்டி நிரூபிக்க முடியும்.

ஆசிரியையும் அதிகாரியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி படிவத்தில் ஒரு கேள்வியைத் தேடி எடுத்தார். "உங்க குழந்தைகிட்ட உங்களுக்குப் பிடிச்ச மூணு நல்ல விஷயம் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் பெருமையை, அதுவும் டீச்சருக்கு முன்னால், விரல் விட்டு எண்ணச் சொல்கிறார்கள். எந்தத் தாய் சொல்வாள். கண் பட்டுவிடும் என்று நினைத்திருப்பாள். "அப்படிச் சொல்லிக்கற மாதிரி என்ன இருக்கு" என்றாள்.

"சொல்லிக்கொள்கிற மாதிரி என்ன இருக்கிறது" என்றேன் நான்.

"ஒன்றாவது?" என்றார் அதிகாரி. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"ஒண்ணாவது?"

"நீங்க பாத்து ஆளாக்கினாதான் உண்டுங்க" என்று ஆசிரியையைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாள். "உங்ககிட்ட ஒப்படைச்சாச்சு. நாலு அடி போட்டாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஒரு தாய் ஒரு டீச்சருக்குக் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய மரியாதை அது. என்னிடம் பத்து நிமிஷம் முன்னால் சொன்ன மூன்று நல்ல விஷயமும் என் காதில் சூடாக இருந்தன. பஸ் போர்டு, தலையில் குட்டு, வெந்நீர். நடைபாதையில் சொன்னது பதிவில் சேராது. அந்த அறைக்குள் அவள் சொன்னதை மட்டும் நான், வரிசை மாறாமல், "நாலு அடி போட்டாலும்" என்பதில் நாலு என்ற எண்ணைக்கூட விடாமல் சொன்னேன். அவள் சிரித்த முகமாகச் சொன்னாள் என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஆசிரியை எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் குழந்தையிடம்தான் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அதிகாரி நிதானமாக, வாக்கியம் வாக்கியமாக விளக்கினார். அடி விழுகிறதோ என்ற சந்தேகத்தையும், என்னையும் கூட வைத்துக்கொண்டு மூன்று வாரம் பார்த்ததையும் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றாள். பெரிய அதிகாரி பேசுகிறார், இடையில் மறுத்துப் பேசக்கூடாது, பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். நான் ஒவ்வொரு "சரிங்க"வையும் "சரி" என்று கொடுத்துக்கொண்டே வந்தேன். "அதனால இன்னைக்குக் குழந்தை உங்க கூட வீட்டுக்கு வர மாட்டா. பன்னெண்டு வாரம் வேற ஒரு குடும்பத்தோட இருப்பா" என்று அவர் சொன்னதைச் சொன்னேன். பழக்க தோஷத்தில் அதற்கும் "சரிங்க" என்றாள். அதையும் கொடுத்தேன். 'தாய் சம்மதம்' என்ற கட்டத்தில் அவர் டிக் அடித்தார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"என்ன? எங்க இருப்பா?" என்றாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. நேராக என் பக்கம் திரும்பினாள். "நீங்க மூணு வாரமா கூடவே இருந்து பாத்திருக்கீங்க இல்ல? எம் பொண்ணை நான் அடிக்கிறவளா? உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்க."

அந்தக் கேள்வி எனக்கு. அதில் சந்தேகமே இல்லை. அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் என் கையைப் பிடித்திருந்தாள், உரிந்த தோல் சொரசொரவென்று என் மணிக்கட்டில் பட்டது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஏன் மூன்று வாரமாகச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பட்டியலிலிருந்து என் பெயர் போகும். பயமாக இருந்தது, சொல்லிவிடலாம் போலவும் இருந்தது. பயம்தான் ஜெயித்தது.

கையை விடுவித்துக்கொண்டு அதிகாரி பக்கம் திரும்பினேன். "நீங்கள் மூன்று வாரமாக உடனிருந்து பார்த்திருக்கிறீர்கள். நான் என் பெண்ணை அடிப்பவளா? உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்த்தேன்.

தன்னைத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருத்தத்தோடு பதில் சொன்னார். அதை நான் விதிப்படி, அவர் 'நான்' என்றதை 'நான்' என்றே வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னேன்.

"ஆமாம்மா. மூணு வாரமா நான் கூட இருந்து பாத்தேன். அதனாலதான் சொல்றேன். குழந்தை உங்க கிட்ட இருக்க வேண்டாம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிடவில்லை, எதுவுமே கூப்பிடவில்லை. அவர் சொன்னதையா நான் சொன்னேன், நானே சொன்னேனா என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அதையும் அவரிடம்தான் மொழிபெயர்த்திருப்பேன். அதிகாரி சம்மதக் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தியதும் கையெழுத்துப் போட்டாள். குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். குழந்தையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போயாயிற்று, உங்களைப் பார்த்தால் அவள் பதறுவாள் என்றார் அதிகாரி. இதற்கு "சரிங்க" வரவில்லை.

மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ இருட்டுல தூங்க மாட்டா. சின்னதா ஒரு லைட் எரியணும், இல்லன்னா முழிச்சுக்கிட்டே கெடப்பா. அந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதையாவது சரியா சொல்லுங்க."

சரியாகத்தான் சொன்னேன். சின்ன விளக்கு, முழித்துக்கொண்டே கிடப்பாள், எதையும் விடவில்லை. அதிகாரி பரிவோடு தலையாட்டிவிட்டுப் படிவத்தைத் திருப்பி எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது. "எழுதிக்கிட்டாருல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். 'இருட்டைக் கண்டு அஞ்சுகிறாள். தாயின் வீட்டில் இருட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கவும்' என்று எழுதியிருந்தார். "எழுதிக்கிட்டாரு" என்றேன்.